அம்மாக்கண்ணுவின் படங்கு

தன் குரலைத் தானே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது சுகிர்தத்துக்கு. தேயிலைத் தோட்டத்து ஆபீசில், மேனேஜரான பெரிய துரையின் மேசைமேல் கிடந்த போனிலிருந்து அந்தக் குரல் வந்துகொண்டிருந்தது. போன் கணக்கப்பிள்ளை கஸ்பருடையது.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். யாருக்குமே தெரியாம மறஞ்சிருந்த குளவிங்க, திடீர்னு எங்கருந்தோ வந்துச்சுங்க. எல்லாரும் ஓடுனாங்க. நான் தண்ணிக் கான்ல விழுந்துட்டேன். அப்ப கோழி குஞ்ச மூடுற மாதிரி கர்த்தர் தம்மோட செட்டையால என்னைய மூடுனாரு. செத்துப் போயிருக்க வேண்டியவ, அஞ்சே அஞ்சு கொட்டோட பொழச்சேன். எல்லா மகிமையும் கர்த்தருக்கே..."

அதற்குப் பின்னால் சபையாரின் அல்லேலூயா. அத்தனை பேர் குரலுக்கும் மேலே ஓங்கி நின்றது கஸ்பரின் குரல்தான்.

சாவு விசாரணைக்கு வந்திருந்த அதிகாரி கையைக் காட்ட, கஸ்பர் போனை நிறுத்தினார். வெள்ளைச் சட்டை, வாரிய தலை, பவ்வியமாகக் குனிந்த கழுத்து. ஞாயிற்றுக்கிழமை சபையில் காணிக்கைப் பை பிடிக்கும்போது நிற்கிற அதே நிற்பு. சபைக்கு அவர் மூப்பர், மலைக்கு ஆள் பிரித்து வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை. சபையில் சுகிர்தத்தை 'சிஸ்டர்' என்பார். மலையில் 'ஏய்' என்பார்.

அதிகாரி சிங்களத்தில் கேட்டதை ஆபீஸ் கிளார்க் கஜேந்திரன் தமிழில் சொன்னான்.

"இது ஒங்க கொரலான்னு கேக்குறாரு."

"ஆமாங்க."

"கோயில்ல, கடவுளுக்கு முன்னுக்கு நின்னு சொன்னதா?"

"ஆமாங்க. ஆனா..."

"அங்க பொய் சொன்னீங்களான்னு கேக்குறாரு."

இதற்கு என்ன பதில் இருக்கிறது? ஆமாம் என்றால் கடவுளுக்கு முன்னாலேயே பொய் சொன்னவள், இங்கே மட்டும் எப்படி மெய் சொல்வாள் என்பார்கள். இல்லை என்றால் செத்துப்போன அம்மாக்கண்ணு இரண்டாம் தடவை சாவாள். வேதத்தில் இருபுறமும் கூரான பட்டயம் என்று ஒன்று வருமே, அதை இந்த மனுஷர் சிங்களத்தில் நீட்டிவிட்டு, பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தார். பதினாறு வருஷம் சபையில் கை தட்டிய பெண் வேறு என்ன சொல்வாள்? "இல்லைங்க" என்று வாய் சொல்லிவிட்டது.

"ஹரி," சரி என்று சிங்களத்தில் சொல்லி எழுதிக்கொண்டார் அதிகாரி. எழுதி முடித்ததைக் கஜேந்திரன் வாசித்துக் காட்டினான். ஏழாம் நம்பர் மலையில் குளவிக் கூடு இருந்தது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. இறந்துபோன அம்மாக்கண்ணு, வயது நாற்பத்தொன்பது, விறகு பொறுக்குவதற்காகத் தான் கொழுந்து எடுக்கும் நிரையை விட்டுத் தானாகவே வெளியே போயிருக்கிறார். விறகைக் கட்டுவதற்கு இடுப்புப் படங்கை அவிழ்த்திருக்கிறார். அவரைத் தூக்கும்போது இடுப்பில் படங்கு இல்லாமல் இருந்ததே அதற்கு ஆதாரம்.

படங்கு என்பது கொழுந்து எடுக்கிற பெண்கள் மழைக்கும் செடிக்கும் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தார்ப்பாய்த் துண்டு. அது இல்லாமல் யாரும் மலைக்கு ஏறுவதில்லை. அம்மாக்கண்ணுவின் படங்கு அந்த நேரத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், சுகிர்தத்தின் வீட்டில், கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியில், கழுவிக் காய்ந்து நான்காக மடிந்து கிடந்தது. அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. கஸ்பருக்குக்கூடத் தெரியாது.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். வாசலில் நின்ற கஸ்பர், "நல்ல சாட்சி, சிஸ்டர். கர்த்தர் ஒங்கள நெனச்சருளுவாரு," என்றார். அவர் முகத்தில் அறைந்திருக்கலாம். அறையவில்லை. அதற்காகவும் தன்மேல் கோபம் வந்தது.

நடந்தது என்ன என்று சுகிர்தத்துக்கு நன்றாகவே தெரியும். மூன்று வாரத்துக்கு முந்திய புதன்கிழமை சாயங்காலம், ஏழாம் நம்பரில் சவுக்கு மரத்துக் கவட்டில் ஒரு பானை அளவுக்குக் கூடு தொங்குவதை முதலில் பார்த்தது அம்மாக்கண்ணுதான். மறுநாள் விடிந்ததும் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற இடத்தில், அதைச் சொல்லிவிட வேண்டும் என்று சுகிர்தம் துடித்தாள். அம்மாக்கண்ணு கையைப் பிடித்து அமுக்கினாள்.

"எல்லாருக்கும் முன்னுக்கு சொன்னா ஐயாவுக்கு மரியாதக் கொறச்சலா போயிரும்டி. கலஞ்சி போன பொறகு தனியாச் சொல்லுவம்."

மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது தாய்ப்பாலோடு வருகிற பாடம். மேலே இருப்பவனிடம் குறை சொல்வதானால் ஒதுக்கமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, தப்பே நம்முடையது என்கிற மாதிரி சொல்ல வேண்டும். அப்படித்தான் சொன்னார்கள், இரண்டே பேர், ஒரு சைப்ரஸ் மரத்துக்குக் கீழே. கஸ்பர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"மலைன்னா குளவி இருக்கும். குளவின்னா கொட்டும். கொழுந்து முத்திக் கெடக்குது, தொரை என்னையக் கொட்டுறாரு. அதுக்கு மருந்து இருக்கா ஒங்ககிட்ட? போங்க, போயி நெரையப் புடிங்க."

பத்து மணி வாக்கில் கூடு கலைந்தது. காற்றா, பருந்தா, யார் கண்டார்கள். கூடையை உதறிவிட்டு எல்லாரும் ரோட்டுப் பக்கம் ஓடினார்கள். சுகிர்தம் கால் தடுக்கித் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலான கானுக்குள் முகங்குப்புற விழுந்தாள். அம்மாக்கண்ணு தப்பிப் போய்விட்டவள். ரோட்டுக்கு ஏறிவிட்டவள். திரும்பி வந்தாள். படங்கை அவிழ்த்துச் சுகிர்தத்தின் தலையிலிருந்து கால்வரை போர்த்தி, ஓரங்களைத் தன் கையாலும் முழங்காலாலும் மண்ணோடு அமுக்கிக்கொண்டு, "அசையாதடி, மூச்சுக் காட்டாதடி," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லச் சொல்ல அந்தக் குரல் தடித்துக்கொண்டு வந்தது. பிறகு வார்த்தை இல்லை, முனகல் மட்டும். அரை மணி கழித்துக் கொழுந்து லொறி வந்தது. போகிற வழியிலேயே அம்மாக்கண்ணு முடிந்துபோனாள். சுகிர்தம் டிஸ்பென்சரியில் கண் விழித்தபோது கை அந்தப் படங்கைப் பற்றியபடி இருந்தது. தூக்கி வந்தவர்கள் அதை அவளுடையது என்றே எண்ணியிருந்தார்கள்.

இது நடந்தது. அப்படியானால் சபையில் ஏன் அப்படிச் சொன்னாள்?

சாட்சி நேரம் என்று ஒன்று அந்தச் சபையில் உண்டு. பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் நாலைந்து பேர் முன்னால் போய், மைக்கைப் பிடித்து, கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சொல்வார்கள். பதினாறு வருஷத்தில் சுகிர்தம் அதைக் கேட்டுக் கேட்டு, சொல்லிச் சொல்லி, அச்சு மாதிரி மனசில் பதிந்திருந்தது. முதலில் ஸ்தோத்திரம். பிறகு வியாதி. டாக்டர் கைவிட்டது. கண்ணீர். ஜெபம். சுகம். கடைசியில் மகிமை. ஆப்பரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றிய டாக்டருக்கு எந்தச் சாட்சியிலும் பெயர் கிடையாது. கைவிட்ட டாக்டருக்கு மட்டும் இடம் உண்டு. மனுஷனுக்கு நன்றி சொன்னால் கர்த்தருக்குக் கொஞ்சம் குறைந்துவிடும் என்று எல்லாரும் மெய்யாகவே நம்பினார்கள்.

அந்தச் சனிக்கிழமை கஸ்பர் பிஸ்கட் பெட்டியோடு லயத்துக்கு வந்தார். சுகிர்தத்தின் முகம் இன்னும் வீங்கியிருந்தது.

"நாளைக்கு நீங்க சாட்சி சொல்லணும், சிஸ்டர். சபை பலப்படும்."

"அம்மாக்கண்ணு அக்காதான் பிரதர் என்னைய..."

"பாவந்தான். ஆனா அது வேற மார்க்கம். சாட்சியில மனுஷங்க பேரு வந்தா மகிமை பங்கு போயிரும். யாரு சொன்னா, யாரு கேக்கல, அதெல்லாம் எதுக்கு? கர்த்தர் செஞ்சத மட்டும் சொல்லுங்க."

மறுநாள் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். அந்த அழுகை மெய்யானது. அதுதான் அவளால் தாங்க முடியாதது. நடிப்புக்கு அழுதிருந்தால் மன்னித்துவிடலாம். அம்மாக்கண்ணுவை நினைத்து வந்த கண்ணீரை வைத்துக்கொண்டே அம்மாக்கண்ணுவை அழித்துவிட்டு வந்திருக்கிறாள். முன் வரிசையில் கஸ்பர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தது நினைவிருக்கிறது. சபைக் குரூப்பில் போடுவதற்கு என்றுதான் எண்ணினாள். எந்தப் புற்றில் எந்தப் பாம்போ!

விசாரணை முடிந்த அன்று பொழுது சாய்வதற்குள் சேதி மேல் லயம் கீழ் லயம் எல்லாம் பரவிவிட்டது. அம்மாக்கண்ணு விறகு திருடப் போய்ச் செத்தாளாம். இருபது வருஷம் ஒரே நிரையில் பக்கத்தில் நின்றவர்கள்கூட, "அப்படியும் இருக்கும், அடுப்புக்கு வெறகு இல்லன்னு அன்னைக்குச் சொன்னா," என்று தலையாட்டினார்கள். நாக்கில் நரம்பா இருக்கிறது? தண்ணீர் விழுகிற பீலியடியில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணுவின் மகள் கிருஷாந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். கொழும்பில் தையல் பெக்டரியில் இருந்தவள். தாய் போனபின், வேலைக்கு ஓர் ஆள் பேர் பதியாவிட்டால் லயத்து வீடு கைவிட்டுப் போகும் என்பதால், தாயின் கூடையையே மாட்டிக்கொண்டு மலை ஏறுகிறாள். சுகிர்தத்தைப் பார்த்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சித்தி, அம்மாட படங்கு எங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா? ஆஸ்பத்திரியில எல்லாம் தந்தாங்க. தோடு தந்தாங்க, செருப்புத் தந்தாங்க. அது மட்டும் இல்ல."

"தெரியலம்மா," என்றாள் சுகிர்தம். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் படீரென்று மூடினாள். ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்ற கதை வேதத்தில் வரும். பொய்ச்சாட்சிக்காரர்கள் தங்கள் மேல்துணியைக் கழற்றி வைத்துவிட்டுக் கல்லை எடுப்பார்கள். அந்தத் துணிக்கு ஒருத்தன் காவல் நிற்பான். அவன் ஒரு கல்லும் எறியமாட்டான். துணியை மட்டும் பார்த்துக்கொள்வான். சின்ன வயதில் அந்தக் கதையைக் கேட்டபோது, அவன் என்ன பண்ணினான் பாவம் என்று எண்ணியவள் அவள். இப்போது தெரிந்தது அவன் என்ன பண்ணினான் என்று.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு நோர்வூட் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாஸ்டர் வந்தார். ஜெபம் முடிந்து ஆட்கள் போகும்வரை சுகிர்தம் காத்திருந்தாள்.

"ஞாயித்துக்கெழம எனக்குச் சாட்சி நேரத்துல எடம் வேணும் பாஸ்டர். போன தடவ சொன்னதத் திருத்தணும்."

நடந்ததைச் சொன்னாள். படங்கை மட்டும் சொல்லவில்லை. கஸ்பரிடம் முன்கூட்டியே சொன்னது, அவர் போகச் சொன்னது, அம்மாக்கண்ணு திரும்பி வந்தது எல்லாம் சொன்னாள். பாஸ்டர் கெட்ட மனுஷர் அல்ல. கேட்கக் கேட்க முகம் வெளிறியது. ஆனால் அவருடைய கண் ஒரு தடவை மேலே போய் வந்தது. சபைக்குப் புதிதாகப் போட்ட கூரைத் தகரம் துரை கொடுத்தது, வாங்கித் தந்தது கஸ்பர். சபை நிற்கிற நிலமும் தோட்டத்து நிலம்.

"சிஸ்டர், வேதம் தெளிவா சொல்லுது. மூப்பருக்கு விரோதமா ஒரு முறைப்பாடுன்னா, ரெண்டு மூணு சாட்சி இல்லாம எடுக்கக் கூடாது. நீங்க ஒராள்."

"நாங்க ரெண்டு பேரு போயித்தான் சொன்னோம், பாஸ்டர்."

"மத்தவங்க உயிரோட இல்லயே."

"அதத்தானே சொல்றேன்! ரெண்டாவது சாட்சியக் கொன்னுட்டு, ஒரு சாட்சிதானே இருக்குன்னு சொல்றது என்னா நாயம்? அந்தச் சட்டம் ஒத்த ஆளு பொய்யால அப்பாவி ஒருத்தன் சாகக் கூடாதுன்னுதானே வந்துச்சி? இங்க அப்பாவி செத்து மூணு வாரம் ஆச்சி."

பாஸ்டர் ஏதோ சொல்ல வந்தார். அவள் விடவில்லை. அடக்கி வைத்ததெல்லாம் மடை உடைந்து வந்தது.

"கர்த்தரோட கல்லறைக்கு மொதல்ல போனது யாரு? பொம்பளைங்க. எழும்பிட்டாருன்னு வந்து சொன்னா ஆம்பளைங்க என்னா சொன்னாங்க? வீண் பேச்சுன்னாங்க. அந்தப் பொம்பளைங்க சொன்னத நம்பித்தானே இன்னைக்கு ஒங்களுக்குச் சபை இருக்கு! அந்தக் கல்லறைக் காவக்காரன்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா, ஒடம்பத் தூக்கிட்டுப் போனப்ப நாங்க தூங்கிட்டோம்னு சொல்லுன்னு? பெரியவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. அதுவும் சாட்சிதான். அன்னைக்கு நான் சொன்னது அந்தக் காவக்காரன் சாட்சி. காதால கேட்டதையும் கண்ணால கண்டதையும் கையால தொட்டதையுந்தான் சொல்றோம்னு அந்தக் காலத்து ஆளுங்க எழுதி வச்சாங்கன்னு நீங்கதானே பிரசங்கம் பண்ணுனீங்க. சொல்லிட்டுச் செத்தாங்கன்னும் சொன்னீங்க. அம்மாக்கண்ணு வந்து சொல்லுச்சி, செத்துச்சி. இதுக்கு மேல அவங்ககிட்ட என்னா கேக்குறீங்க? கர்த்தர் செட்டையால மூடுனாருன்னு சொன்னேனே, அந்தச் செட்ட யாருதுன்னு நீங்க ஒருத்தராவது கேட்டீங்களா?"

பாஸ்டர் ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் ஜெபம் பண்றேன், சிஸ்டர்," என்றார். "சாட்சி லிஸ்ட் மூப்பர் கையில இருக்கு. அவருகிட்டப் பேசிப் பாருங்க."

வேலியே பயிரை மேய்கிறது என்று சொல்லப் போனால், வேலியிடமே அனுமதி கேட்டு வா என்கிறார். சுகிர்தம் வணக்கமும் சொல்லாமல் எழுந்து வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லிஸ்ட்டில் அவள் பெயர் இல்லை. இருக்காது என்று தெரிந்துதான் போனாள். மூன்றாவது ஆள் சாட்சி சொல்லி முடித்து உட்கார்ந்ததும் இவள் எழுந்து நின்று, "நான் போன தடவ சொன்னது முழுசும் மெய்யில்ல," என்று தொடங்கினாள். அடுத்த வார்த்தைக்கு முன் கஸ்பர் மைக்கில் பாட்டை எடுத்துவிட்டார். கை தட்டுப் பாட்டு. சபை எழுந்தது. எழுபது எண்பது பேர் தட்டுகிற தட்டில் அவள் வாய் மட்டும் அசைந்தது. "அம்மாக்கண்ணுதான்" என்றாள், "சொன்னோம்" என்றாள், "கஸ்பர்" என்றாள். பக்கத்தில் நின்ற பெண்ணுக்குக்கூடக் கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி நின்றாள். இதில் கேவலம் என்னவென்றால், பதினாறு வருஷப் பழக்கத்தில் சுகிர்தத்தின் கைகள் தாமாகவே ஒரு தடவை தட்டிவிட்டன. இரண்டு கையையும் முந்தானைக்குள் முறுக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

கோபத்தில் எங்கே போகிறோம் என்று பார்க்காமல் நடந்தவள், தலை நிமிர்ந்தபோது ஏழாம் நம்பர் மலை அடியில் நின்றாள். சவுக்கு மரத்தைப் பார்த்தாள். கூடு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணைக் கொன்ற கூடு, மூன்று வாரம் கழித்தும், அதே கவட்டில்! யாரும் அதை எடுக்கவில்லை. ஆளை ஏவி எடுத்தால் இருந்ததாக ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? கலைந்துபோன குளவிகள் திரும்பி வந்து, தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்போதுதான் அவளுக்கு மூச்சு நிதானமானது. வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து படங்கை வெளியே எடுத்து வைத்தாள்.

திங்கட்கிழமை காலை பெரட்டுக் களத்தில் பனி இன்னும் விலகவில்லை. கூடையும் தலையுமாக அறுபது பெண்கள். கஸ்பர் பேர் கூப்பிட்டு முடித்துப் புத்தகத்தை மூடினார்.

"மூணாம் நம்பர் முடிஞ்சிருச்சி. இன்னைக்கு எல்லாரும் ஏழாம் நம்பர்."

ஒரு சலசலப்பு. பிறகு வழக்கம்போல எல்லாரும் திரும்பினார்கள். சுகிர்தம் திரும்பவில்லை.

"ஏய், ஒனக்கு வேற சொல்லணுமா?"

"ஐயா," என்றாள் சுகிர்தம். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "ஏழாம் நம்பர்ல சவுக்கு மரத்துல குளவிக் கூடு இருக்கு. நேத்து என் கண்ணால பாத்தேன். அம்மாக்கண்ணுவக் கொன்ன அதே கூடு. இத ஒங்களுக்குச் சொல்றேன்."

"அத அப்பறமா வந்து தனியா..."

"தனியாச் சொல்லமாட்டேன். அன்னைக்குத் தனியாத்தான் சொன்னோம். ஒங்களுக்கு மரியாத கொறயக் கூடாதுன்னு அந்த மனுஷி என் கையப் புடிச்சி அமுக்குனா. அந்த மரியாததான் அவளக் கொன்னுச்சி." அவள் கஸ்பருக்கு முதுகைக் காட்டிப் பெண்களைப் பார்த்து நின்றாள். "கேட்டுக்குங்க எல்லாரும். கூடு இருக்குன்னு புதன்கெழம பாத்தது அம்மாக்கண்ணு. வியாழக்கெழம காலையில இதே எடத்துல, அந்த சைப்ரசுக்குக் கீழ, ரெண்டு பேரும் போயி இவருகிட்டச் சொன்னோம். போயி நெரையப் புடின்னாரு. யாருக்கும் தெரியாதுன்னு நான் சபையில சொன்னது பொய். ஆபீசுல அதப் பொய் இல்லன்னு சொன்னதும் பொய். ரெண்டு சாட்சி வேணும்னு சொல்றாங்க. இப்ப நான் சொன்னதையும், அத இவரு கேட்டதையும், நீங்க அறுவது பேரு பாத்துட்டீங்க. இனி யாருக்கும் தெரியாதுன்னு எவனாவது எழுதட்டும் பாப்பம்."

கஸ்பர் புத்தகத்தை அக்குளில் இடுக்கினார். ஓரடி முன்னால் வந்தார். "சிஸ்டர்," என்றார். பெரட்டுக் களத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. "சிஸ்டர், இத நாம சபையில பேசிக்குவமே."

"சபையில மைக் ஒங்க கையில."

கூட்டத்தின் பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். கொழுந்து எடுக்கிற கிழவி நாகலெட்சுமி கூடையை இறக்கிக் குப்புறக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்தாள். "நான் போகல சாமி. எனக்குப் பேரப் புள்ளைங்க இருக்கு," என்றாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி இறக்கினாள். பிறகு நாலைந்து பேர்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். கஸ்பரை எதிர்த்த வீராங்கனையாகவே சுகிர்தம் லயத்துக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் முன் வரிசையில் கிருஷாந்தி நின்றுகொண்டிருந்தாள். தாயின் கூடை, இடுப்பில் புதுப் படங்கு. மற்றவர்கள் கஸ்பரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் சுகிர்தத்தின் கூடையையே பார்த்தாள். கூடைக்குள்ளிருந்து ஒரு நீலத் தார்ப்பாயின் ஓரம் வெளியே தெரிந்தது.

சுகிர்தம் அதை எடுத்து நீட்டினாள்.

"ஒங்கம்மா வெறகு பொறுக்கப் போகல. தப்பிச்சி ரோட்டுக்குப் போனவ. நான் கான்ல விழுந்து கெடக்குறதப் பாத்துத் திரும்பி வந்தா. இத அவுத்து என்மேல போத்தி, சுத்திவர அமுக்கிப் புடிச்சிக்கிட்டு, கொட்டு எல்லாத்தையும் அவ வாங்கிக்கிட்டா. அதனாலதான் அவமேல படங்கு இல்ல."

கிருஷாந்தி வாங்கவில்லை. "அன்னைக்குப் பீலியில கேட்டேனே சித்தி. தெரியலன்னீங்களே."

"ஆமா."

"சபையில சாமி வந்து மூடுனாருன்னு சொன்னீங்களாம்."

"ஆமா."

"எங்கம்மா மூடுனத?"

கிருஷாந்தி படங்கைப் பிடுங்கி, மடிப்பைப் பிரித்து, முகத்தோடு சேர்த்து மூச்சை இழுத்தாள். ஒரு தடவை. மறுபடியும் ஒரு தடவை. பிறகு நிமிர்ந்தாள். அந்தப் பார்வைக்குக் குளவி தேவலை.

"கழுவிட்டீங்களா?" என்றாள். "சவுக்காரம் போட்டுக் கழுவிட்டீங்க. எங்கம்மா வாசங்கூட இல்ல."

அதைக் கழுவியது சேறு போகத்தான் என்று சுகிர்தம் சொல்லியிருக்கலாம். அது பொய். படங்கில் ஒட்டிக்கொண்டிருந்த குளவிகளையும், அம்மாக்கண்ணுவின் கைத்தடத்தையும் பார்க்கச் சகிக்காமல்தான் கழுவினாள். தான் மட்டும் பிழைத்துவிட்டதைச் சகிக்காமல்தான் கழுவினாள். "ஆமாம்மா," என்றாள். "கழுவிட்டேன்."

கஸ்பர் மெல்ல நழுவி ஆபீஸ் பாதையில் கால் வைத்தார். கிருஷாந்தி அவர் பக்கம் திரும்பாமலே கையை நீட்டித் தடுத்தாள்.

"நில்லுங்க ஐயா. நீங்களும் கேக்கணும்." அவள் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் துடைத்து, சுகிர்தத்தின் முகத்துக்கு நேரே பிடித்தாள். மன்னிப்பு என்று எதுவும் அந்த முகத்தில் இல்லை. அப்படி ஒன்று வரும் என்று எதிர்பார்க்கிற உரிமையும் சுகிர்தத்துக்கு இல்லை.

"மொதல்லருந்து சொல்லுங்க. ஸ்தோத்திரம் கீத்திரம் ஒன்னும் வேணாம். எங்கம்மா பேரச் சொல்லிச் சொல்லுங்க."

போனின் மூலையில் சிவப்புப் புள்ளி எரிந்தது. பழக்க தோஷம், சுகிர்தத்தின் வாய் 'கர்' என்று குவிந்துவிட்டது. அதை விழுங்கினாள். கஸ்பரைப் பார்த்தாள். கூடைமேல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

"என் பேரு சுகிர்தம். ஏழாம் நம்பர் மலையில நான் சாகாம கெடந்ததுக்குக் காரணம் அம்மாக்கண்ணு. வேலம்மா மக அம்மாக்கண்ணு. மேல் லயம், நாலாம் வீடு. நான் கண்ணால கண்டதச் சொல்றேன்..."